வோல்ற்றா ஆறும் அலுமினிய உலையும்

அரசியல் விடுதலை பெற்ற நாடொன்று பொருளாதார விடுதலையை நாடுங்கால், பிறநாட்டு நிபுணரின் அறிவுரையை வேண்டி நிற்றல் இயல்பு. அவ்வறிவுரை எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கூறுவோர் எந்நிலையில் நின்று கூறுகின்றனர் என்பதை ஆராய்தல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் வோல்ற்றாத் திட்டம் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

திட்டத்தின் வரலாற்றைக் கூறுமுன் அலுமினியம் உருக்கும் முறையைச் சிறிது அறிதல் நன்று. போட்சைற்று என்னும் கனியத்தைத் தூய்மை செய்து அலுமினா என்னும் வெண்பொடி பெறப்படுகின்றது. ஏறக்குறைய 960 பாகை சதமவளவை வெப்பத்தில் உருகிநிற்கும் கிரையோலைற்றில் அப்பொடியைக் கரைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினால், உலோகம் பிரிந்து உலையின் அடியிலே திரளும். அமெரிக்கரான சாள்ஸ் மாட்டின் ஹோல், பிரெஞ்சுக்காரரான போல் ஏரூ என்னும் இருவர் 1886 ஆம் ஆண்டில் ஒருவரையொருவர் அறியாமலே கண்ட முறை இது. ஒரு கிலோகிராம் உலோகத்துக்கு இரண்டு கிலோகிராம் அளவான அலுமினாவும், 1960 ஆம் ஆண்டளவில் 15 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட மின்சாரமும் வேண்டியிருந்தன. உலையை ஆளுதலும் எளிதன்று. அலுமினா அளவிற் குறைந்தால் மின்னழுத்தம் திடீரென உயரும். மிகுந்தால் அது கரையாது அடியிற் சேறாய்த் தங்கும். மின்சாரம் சில மணி நேரம் தடைப்படின் உலையிலுள்ளவை உறைந்து இறுகிவிடும். ஆதலால், மலிவானதும் இடையறாததுமான மின்சாரம் உள்ள இடத்தையே இத்தொழில் நாடிச் செல்லும்.

கானா முன்னர் பொற்கரை என்னும் பெயருடன் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. அங்கே போட்சைற்றும் உண்டு. வோல்ற்றா என்னும் பேராறும் உண்டு. ஆற்றை மறித்து மின்சாரம் பெறலாம் என்பதை அல்பேட் கிற்சன் என்னும் புவிச்சரிதவியலார் 1915 ஆம் ஆண்டிலேயே கண்டார். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அவ்வெண்ணம் உயிர்பெற்றது. றொபேட் ஜக்சன் தலைமையில் 1953 ஆம் ஆண்டில் அமைந்த ஆணைக்குழு விரிவான ஆய்வு நடத்தி, 1956 இல் அறிக்கை வெளியிட்டது. அணை, சுரங்கம், அலுமினாத் தொழிற்சாலை, உருக்காலை, இருப்புப்பாதை, துறைமுகம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இணைந்த பெருந்திட்டம் அது. செலவும் மிகப் பெரிது. முதலீடு செய்வோர் தயங்கினர்.

1957 மார்ச் 6 இல் கானா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டிலே குவாமி நிக்குருமா ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, சனாதிபதி ஐசனோவரின் துணையை வேண்டினார். அதன் பயனாகக் கைசர் பொறியியல் நிறுவனம் திட்டத்தை மீளாய்ந்து, 1959 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அணையை அஜேனாவினின்றும் அக்கொசொம்போவுக்கு மாற்றுக. உருக்காலையைத் தேமாத் துறைமுகத்தில் அமைக்குக. உள்நாட்டுச் சுரங்கத்தையும் அலுமினாத் தொழிற்சாலையையும் பின்னுக்கு ஒத்திவைத்து, அலுமினாவைக் கடல்வழியே இறக்குமதி செய்க. இவையே அறிக்கையின் சாரம்.

பொறியியல் நோக்கில் இவ்வறிவுரை குறைகூறத் தக்கதன்று. முதற் செலவு பெரிதுங் குறைந்தது. திட்டம் கைகூடும் நிலையை அடைந்தது. ஆயின், உருக்காலையை நிறுவிய வல்கோ என்னும் கூட்டுத்தாபனத்தில் 90 சதவீதப் பங்கு கைசர் அலுமினிய நிறுவனத்துக்கும், எஞ்சிய 10 சதவீதம் றெனோல்ட்ஸ் நிறுவனத்துக்கும் உரியனவாயின. ஆய்வுரை வழங்கியவரும் மின்சாரத்தைக் கொள்பவரும் ஒரே குழுவினராயினர். கடன் வழங்குவோரோ, மின்சாரத்தைத் தொடர்ந்து வாங்கும் பெருவாடிக்கையாளர் ஒருவர் வேண்டுமென வற்புறுத்தினர். நிக்குருமாவுக்கு வேறு வழி மிகுதியாக இருக்கவில்லை.

டொலரின் ஆயிரத்தில் ஒரு கூறு மில் எனப்படும். உருக்காலைக்குரிய மின்சாரத்தின் விலை அலகொன்றுக்கு 2.625 மில் என 30 ஆண்டுகளுக்கு உடன்பாடாயிற்று. நீர்த்தேக்கத்துக்காக 80,000 மக்கள் வரையில் தம் ஊர்களை இழந்து, 52 புதிய குடியிருப்புகளிற் குடியேற்றப்பட்டனர். அணை 1966 சனவரி 22 இல் திறந்துவைக்கப்பட்டது. ஒரு திங்கள் கழிந்து, பெப்ரவரி 24 இல், நிக்குருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது இராணுவத்தினர் அவரது ஆட்சியைக் கவிழ்த்தனர். 1967 இல் உருக்காலை இயங்கத் தொடங்கியது. கானாவின் ஆறு உருக்கியது பிறநாட்டு அலுமினாவை. கானாவின் போட்சைற்றோ மண்ணிற் கிடந்தது, அல்லது மூலப்பொருளாகவே கப்பலேறிற்று.

இவ்வமைப்பின் நலிவைப் பின்னர் வந்த வறட்சி வெளிப்படுத்தியது. 1983, 1984 ஆம் ஆண்டுகளில் நீர்மட்டம் தாழவே உருக்காலை நிறுத்தப்பட்டது. நெடிய பேச்சுவார்த்தையின் பின் 1985 இல் மின்விலை உயர்த்தப்பட்டது. 2004 இல் கைசரின் பங்கைக் கானா அரசு விலைக்கு வாங்கியது. சில காலம் மூடப்பட்டிருந்த உருக்காலை 2011 இல் மீண்டும் இயங்கிய போதும், அதன் முழு ஆற்றலில் ஒரு பகுதியே பயன்பட்டது.

எனினும் வோல்ற்றாத் திட்டம் வீண்முயற்சி எனல் பொருந்தாது. அக்கொசொம்போ மின்சாரம் அக்கிரா முதலிய நகரங்களுக்கு ஒளி தந்தது. 1972 முதல் அயல்நாடுகளான தோகோவுக்கும் பெனினுக்கும் சென்றது. அணை எழும்பாதிருப்பின் இவையும் இல்லை. ஆலோசகர் தமக்கு இடப்பட்ட வினாவுக்குச் செவ்வனே விடை கூறினர். திட்டத்தை எவ்வாறு மலிவாக நிறைவேற்றலாம் என்பதே அவ்வினா. எமது கனியத்தை எமது மின்சாரத்தால் எமது மக்கள் உருக்குவது எங்ஙனம் என்னும் வினா, அலுமினாத் தொழிற்சாலையுடன் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு விடை காணும் அறிஞரை ஒரு நாடு தன்னகத்தே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். நிபுணரின் அறிக்கையைப் படித்து, ஏற்பன ஏற்று, மறுப்பன மறுக்கும் ஆற்றல் அத்தகையோரிடத்தே பிறக்கும். கானாவின் வரலாறு ஏனைய இளம் நாடுகளுக்கு உணர்த்துவது இதுவேயாம்.