சிப்பாய் ரொசெட்டா வீட்டுக்கு எழுதியது

1862 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஆஃப்டன் பகுதியில் வசித்த ஒரு விவசாயக் குடும்பத்துக்கு, வர்ஜீனியாவில் இருந்த ராணுவ முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்புகிற பணத்தைத் துணிமணிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழியுங்கள், எனக்கென்று சேர்த்து வைக்க வேண்டாம், எனக்கு வேண்டியதை நான் சம்பாதித்துக்கொள்வேன் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் அந்த வீட்டின் மூத்த மகள் சாரா ரொசெட்டா வேக்மன். வயது 19. ராணுவப் பதிவேட்டில் அவர் பெயர் லயன்ஸ் வேக்மன், வயது 21, ஆண்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு என இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 400 பெண்கள் ஆண் வேடத்தில் போரிட்டார்கள் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் சிலர் பிற்பாடு நூல் எழுதினார்கள். ஃபிராங்க்ளின் தாம்சன் என்ற பெயரில் பணியாற்றிய சாரா எட்மண்ட்ஸின் நினைவுக் குறிப்பு போர் முடிவதற்குள் அச்சாகி ஏராளமாக விற்றது. ஆனால் அது வாசகர் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதியது; சுவைக்காகச் சேர்த்த சரக்கும் அதில் நிறைய உண்டு. ரொசெட்டா எழுதியது அப்பா, அம்மா, தம்பி, தங்கைகளுக்கு. அச்சில் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அந்தக் கடிதங்களை நம்பிப் படிக்க முடிவதற்கு அதுவே காரணம்.

ஹார்வி வேக்மனுக்கு ஒன்பது பிள்ளைகள். நிலம் இருந்தது, கடனும் இருந்தது. மூத்தவளான ரொசெட்டா ஏற்கெனவே வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெண்ணுக்குக் கிடைத்த வேலையும் அது, கூலியும் அவ்வளவுதான். 1862 ஆகஸ்டில் ஆண் உடையில் ஊரை விட்டுக் கிளம்பி, நிலக்கரிப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். பிங்கம்டனிலிருந்து யூட்டிகாவுக்குக் கால்வாய் வழியாக நான்கு நடை. அதற்குக் கூலி 20 டாலர். போகிற வழியில் கனஜோஹாரி என்ற ஊரில் ராணுவத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர்களைச் சந்தித்தார். சேர்ந்தால் ஊக்கத்தொகை 152 டாலர், பிறகு மாதச் சம்பளம் 13 டாலர். ஆகஸ்ட் 30 அன்று 153ஆவது நியூயார்க் காலாட்படைப் பிரிவில் கையெழுத்துப் போட்டார்.

இப்படி எப்படி நுழைய முடிந்தது என்ற கேள்வி யாருக்கும் எழும். அன்றைய மருத்துவப் பரிசோதனை பல இடங்களில் பெயருக்குத்தான் நடந்தது. துப்பாக்கி விசையை இழுக்க விரல் இருக்கிறதா, தோட்டாக் காகிதத்தைக் கடித்துக் கிழிக்கப் பல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த, மீசை முளைக்காத பையன்கள் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தார்கள். தொளதொளத்த சீருடை, இரவில் பெரும்பாலும் அதே உடையில் தூக்கம். ஐந்தடி உயரம், நீலக் கண், பழுப்பு முடி என்று எழுதிக்கொண்டு ரொசெட்டாவை உள்ளே விட்டார்கள்.

பெண்கள் போருக்குப் போனதைப் பற்றி அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம், காதலனைத் தேடிப் போனாள், கணவனைப் பிரிய முடியாமல் போனாள் என்றே கதை கட்டின. ரொசெட்டாவின் கடிதங்களில் காதலன் யாரும் இல்லை. வீட்டில் இருப்பதைவிட வெளியே போனால்தான் உங்களுக்கு அதிகம் உதவ முடியும் என்று தெரிந்துதான் வந்தேன் என்கிறார். அந்த ஊரில் இருந்து அலுத்துப்போய்விட்டது என்றும் சொல்கிறார். கடனும் கூலியும் ஒரு பெண்ணைப் போர்முனைவரை கொண்டுபோய் நிறுத்தின என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் சான்று அரிது.

இத்தகைய கடிதங்கள் எழுதப்படுவதற்கு வசதியான சூழலும் அன்று இருந்தது. வடக்கின் சிப்பாய்களில் பத்துக்கு ஒன்பது பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கடிதம் அனுப்ப மூன்று சென்ட் அஞ்சல்தலை வேண்டும். கையில் அஞ்சல்தலை இல்லாத சிப்பாய் உறையின் மேல் 'சிப்பாயின் கடிதம்' என்று குறித்து அனுப்பலாம், பணத்தை வாங்குகிறவர் கட்டிக்கொள்ளலாம் என்று 1861இலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. தொண்டு அமைப்புகள் காகிதமும் உறையும் இலவசமாகக் கொடுத்தன. பிற்காலப் போர்களில் அதிகாரிகள் உட்கார்ந்து சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துக் கறுப்படித்தார்களே, அந்த வழக்கம் அப்போது இல்லை. பல கடிதங்களில் ரொசெட்டா என்றே அவர் கையெழுத்திட முடிந்ததும் அதனால்தான். ஆனாலும் துணிச்சல் வேண்டும். ஒரே ஒரு கடிதம் கூடாரத்தில் வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் பிரிவு தலைநகர் வாஷிங்டனைச் சுற்றிக் காவல் வேலையில் இருந்தது. அலெக்சாண்டிரியாவில் தட்டம்மை வந்து மருத்துவமனையில் படுத்தார், தேறி வந்தார். எந்த ஆணுக்கும் குறையாமல் அணிவகுப்புப் பயிற்சி செய்கிறேன் என்று பெருமையாக எழுதினார். தன்மேல் பாய்ந்த சக சிப்பாய் ஒருவனுக்கு மூன்று நான்கு அடி நன்றாகக் கொடுத்து ஓட்டியதையும் மறைக்கவில்லை. சீருடையில் எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பி, முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறேனா என்று கேட்டார். இன்னொரு பிரிவில் இருந்த சொந்த ஊர்க்காரர்கள் இருவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பார்த்ததுமே அவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

1863 கோடையில் வாஷிங்டனின் கேரல் சிறைச்சாலையில் காவல் பணி. அங்கே கைதிகளாக மூன்று பெண்கள் இருந்ததை வீட்டுக்கு எழுதினார். இருவர் தெற்கின் உளவாளிகள் என்று பிடிபட்டவர்கள். மூன்றாமவர் வடக்கின் யூனியன் படையில் மேஜராக இருந்து, குதிரைமேல் அமர்ந்து தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டுச் சண்டைக்குள் போனவர். போர் விதிகளை மீறியதற்காக அடைக்கப்பட்டிருந்தார். உள்ளே ஆண் வேடம் கலைந்த பெண், வெளியே ஆண் வேடத்தில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் பெண். இதை எழுதும்போது ரொசெட்டா தன் பயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பதினெட்டுப் பக்கம் புலம்பியிருந்தாலும் இந்த மௌனத்தின் அளவுக்கு நம்மைத் தொட்டிருக்காது.

போர் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பும் யோசனை அவருக்கு அதிகம் இல்லை. விஸ்கான்சின் புல்வெளிப் பக்கம் சொந்தமாக ஒரு பண்ணை வாங்க வேண்டும் என்று எழுதினார். தன் சம்பளத்தைத் தானே வாங்கிப் பழகிய பெண்ணின் ஆசை அது.

1864 பிப்ரவரியில் பிரிவுக்குக் கப்பலேறக் கட்டளை வந்தது. போகும் இடம் லூசியானா. ஜெனரல் நதானியேல் பேங்க்ஸ் ரெட் ஆற்றின் வழியே மேலேறி ஷ்ரீவ்போர்ட்டைப் பிடிக்கத் திட்டமிட்டிருந்தார். அந்த வட்டாரத்துப் பருத்தியின்மேலும் வடக்குக்குக் கண் இருந்தது. திட்டம் சரியில்லை, தலைமையும் சரியில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். ஏப்ரல் 8 அன்று மேன்ஸ்ஃபீல்டில் முன்னணிப் படை அடி வாங்கிச் சிதறியது. மறுநாள் பிளெசன்ட் ஹில்லில் ரொசெட்டாவின் பிரிவும் களத்தில் நின்றது.

ஏப்ரல் 14 அன்று கிராண்ட் எகோர் முகாமிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் அந்த நாள் இருக்கிறது. முதல் நாள் சண்டையில் நான் இல்லை, இரண்டாம் நாள் எதிரியின் குண்டுகளை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது என்கிறார். நாள் முழுக்கப் பீரங்கிச் சத்தம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் சூட்டுக்கு நடுவே நின்றார். இரவு முழுவதும் போர்க்களத்திலேயே படுத்துக் கிடந்தார். தன் கம்பெனியில் ஒருவர் இறந்தார், மூவருக்குக் காயம் என்று கணக்குச் சொல்கிறார். உயிரோடு விட்ட கடவுளுக்கு நன்றி சொல்கிறார். வீரவசனம் எதுவும் இல்லை. இன்று நம் கையில் இருக்கும் அவருடைய கடைசிக் கடிதம் இதுதான்.

பிளெசன்ட் ஹில்லில் யூனியன் படை தோற்கவில்லை. ஆனாலும் பேங்க்ஸ் பின்வாங்கினார். வழியில் மோனெட்ஸ் ஃபெரியில் ஏப்ரல் 23 அன்று இன்னொரு சண்டை. அதையும் ரொசெட்டா தாண்டினார். தோட்டா அவரைத் தொடவில்லை. கெட்ட தண்ணீர் தொட்டது. மே 3 அன்று தீராத வயிற்றுப்போக்கோடு படைப்பிரிவின் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸின் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மே 22. எழுந்து நிற்க முடியாத நோயாளிக்கு அவ்வளவு நாள்கள். ஜூன் 19 அன்று இறந்தார். வயது 21. பதிவேட்டில் பொய்யாகச் சொன்ன வயதை அப்போதுதான் எட்டியிருந்தார்.

இதை அசாதாரண மரணம் என்று சொல்ல முடியாது. வடக்கின் தரப்பில் இறந்த சுமார் 3,60,000 பேரில் சண்டையில் மடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் நிமோனியாவும் கொன்றவர்கள்தான் மிகுதி. ஓவியங்களிலும் சிலைகளிலும் இந்தச் சாவுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்த லயன்ஸ் வேக்மன் ஒரு பெண் என்பது ஆவணம் எதிலும் பதிவாகவில்லை. கவனித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புவது கடினம். தெரிந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

வீட்டார் கடிதங்களைத் தூக்கி எறியவில்லை. அந்தப் படத்தையும் ஒரு மோதிரத்தையும்கூடக் காப்பாற்றினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அவை குடும்பத்துக்குள்ளேயே இருந்தன. கடைசியில் 1994இல் லாரன் குக் பர்ஜஸ் அவற்றைப் பதிப்பித்தார். பதிப்பாசிரியருக்கும் இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. 1989இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் அந்தப் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் அவர் ஆண் சிப்பாய் உடையில் கலந்துகொண்டார். பெண் என்று தெரிந்ததும் வெளியேற்றப்பட்டார். தேசியப் பூங்கா நிர்வாகத்தின்மேல் வழக்குத் தொடுத்து 1993இல் வென்றார். பெண் சிப்பாய்கள் அந்தப் போரில் உண்மையிலேயே இருந்தார்கள் என்பதை நீதிமன்றம்வரை போய் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

நியூ ஆர்லியன்ஸ் அருகே சால்மெட் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரோடு அவர் புதைக்கப்பட்டார். கல்லறையைத் தேடிப் போக எல்லோராலும் முடியாது. கடிதங்களைப் படிக்க முடியும். ஆங்கிலத்தில் அந்தச் சிறு நூல் கிடைக்கிறது. லிங்கனைப் பற்றியும் கெட்டிஸ்பர்க்கைப் பற்றியும் தமிழில் எவ்வளவோ வந்துவிட்டது. இந்தக் கடிதங்களையும் யாராவது தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்.