நகலை மாற்றினேன், மூலம் மாறியது

லிஸ்ப் கணினிமொழியில் நிரல் எழுதப் பழகுகிறவர்களில் பலருக்கும் என்றாவது இந்த அனுபவம் வாய்க்கும். எனக்கு வாய்த்தபோது அதில் ஒருவருடைய கூலி சிக்கிக்கொண்டது.

நான் வேலை பார்த்த தொழிற்கூடத்தின் இரவு ஷிப்டுக்காக, காமன் லிஸ்ப்பில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். வாரத்துக்கு ஒரு பட்டியல், அதற்குள் நாளுக்கொன்றாக ஏழு உட்பட்டியல்கள், அவற்றில் பெயர்கள். ஒரு வாரத்துப் பட்டியலை 'காப்பி-லிஸ்ட்' கொண்டு நகலெடுத்து, அடுத்த வாரத்துக்காக நகலின் செவ்வாய்க்கிழமையில் முதல் பெயரை மட்டும் மாற்றினேன். மாதக் கடைசியில் ஒரு தொழிலாளி வந்து, தான் விழித்திருந்த ஓர் இரவுக்குக் கூலி வரவில்லை என்றார். பழைய பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொருவர் பெயர்.

என்ன நடந்தது?

ஜான் மெக்கார்த்தி 1958ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மொழி இது. லிஸ்ப்பில் பட்டியல் என்பது 'கான்ஸ்' எனப்படும் அறைகளின் சங்கிலி. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பாதிகள்: 'கார்' உறுப்பைக் காட்டும், 'குடர்' அடுத்த அறையைக் காட்டும். ஐபிஎம் 704 கணினியின் நினைவகச் சொல்லில் இருந்த இரு பகுதிகளிலிருந்து வந்த பெயர்கள் இவை. என் வாரப் பட்டியலின் அறைகளில் இருந்தவை உட்பட்டியல்கள் அல்ல, அவற்றின் முகவரிகள் மட்டுமே.

'காப்பி-லிஸ்ட்' மேல்மட்டச் சங்கிலியை மட்டும்தான் புதிதாகச் செய்கிறது. முகவரிப் புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதியதைப் போல. புத்தகம் இரண்டு, வீடு ஒன்றுதான். நான் வீட்டுக்குள் போய் ஆளை மாற்றிவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்கென்று புதிய உட்பட்டியல் செய்து நகலில் வைத்திருந்தால், பழையது பிழைத்திருக்கும்.

'காப்பி-ட்ரீ' உள்ளே இருக்கும் கான்ஸ் அறைகளையும் நகலெடுக்கும். ஆனால் சரங்களையும் அணிகளையும் அதுவும் நகலெடுப்பதில்லை. ஒரு பெயருக்குள் ஓர் எழுத்தை மாற்றினால், இரண்டு பட்டியலிலும் மாறிவிடும். 'ஸார்ட்' என்ற வரிசைப்படுத்தும் கட்டளையும் தனக்குத் தரப்பட்ட பட்டியலைச் சிதைக்கலாம். மேற்கோள் குறியிட்டு நிரலிலேயே எழுதிய பட்டியலை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 1994ல் வந்த ஆன்ஸி தரம் வரையறுக்கவே இல்லை.

பகிர்வதைக் குறை சொல்ல முடியாது. அது நினைவகத்தை மிச்சப்படுத்துகிறது. யாரும் எதையும் மாற்றாதவரை பகிர்வால் கெடுதலும் இல்லை. ரிச் ஹிக்கி 2007ல் வெளியிட்ட க்ளோஜர், பட்டியல்களை மாற்றவே முடியாதவையாக வைத்தது. 2008ல் பிஎல்டி ஸ்கீமும் தன் சாதாரண கான்ஸ் அறைகளை அப்படி ஆக்கியது.

அந்தத் தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய அச்சுத்தாளை யாரும் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நடந்து முடிந்த வாரத்தின் பட்டியலை நான் தொடுவதில்லை. மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று கட்டுகிறேன்.