போலந்துக்காரர்கள் நெய்யாத 'போலந்துக் கம்பளம்'

1878இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் போலந்து இளவரசர் விளாடிஸ்லாவ் சார்டோரிஸ்கி தன் சேகரிப்பிலிருந்து சில பழைய பட்டுக் கம்பளங்களைக் காட்சிக்கு வைத்தார். வெளிறிய ரோஜா நிறம், இளம்பச்சை, இடையிடையே மங்கிய சரிகை. சிலவற்றில் ஐரோப்பியப் பிரபுக் குடும்பச் சின்னமும் நெய்யப்பட்டிருந்தது. பிறகென்ன? போலந்து இளவரசர் கொண்டுவந்தது, மேலே பிரபு வீட்டுச் சின்னம் வேறு; அப்படியானால் போலந்தில் நெய்ததுதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். 'போலனேஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று.

அன்றைக்கு வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாடிழந்த மக்களுக்கு இப்படியொரு கைத்திறன் தங்களுடையது என்பது சின்ன விஷயமில்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே சரிகைப் பட்டு இடைக்கச்சைகள் நெய்த பட்டறைகள் இருந்தன என்பதால் நம்புவதும் எளிதாக இருந்தது.

ஆனால் இந்தக் கம்பளங்கள் பிறந்த இடம் ஈரான்: இஸ்ஃபஹான், காஷான் நகரங்கள். காலம், ஷா அப்பாஸும் (1588–1629) அவருக்கு அடுத்து வந்தவர்களும் ஆண்ட 17ஆம் நூற்றாண்டு. ஷா அப்பாஸுக்குப் பட்டு என்றால் கஜானா. காஸ்பியன் கரையில் பட்டு விளையும் கீலானை 1592இல் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார். 1604–05இல் ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனிய வணிகர்களை ஊரோடு பெயர்த்து இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். 1619இல் பட்டு ஏற்றுமதியை அரசின் தனியுரிமையாக்கினார். கச்சாப் பட்டை விற்றால் காசு. அதையே கம்பளமாக நெய்து பரிசளித்தால் உறவு. 1603இல் வெனிஸுக்குப் போன அவருடைய தூதுக்குழு அங்கிருந்த ஆட்சித்தலைவருக்குக் கொடுத்த பரிசுகளில் சரிகைப் பட்டுக் கம்பளமும் இருந்தது.

இதிலுள்ள சரிகை வேலை நம் பட்டுப்புடவை தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிப் பட்டையை, சில இடங்களில் பொன்முலாம் பூசியதை, சுற்றியிருப்பார்கள். பூவும் கொடியும் பட்டு முடிச்சுகளால் எழும்பி நிற்கும். சரிகை முடிச்சில்லாமல் தட்டையாக ஓடும். வெளிச்சம் பட்டால் சரிகை மின்ன, பூக்கள் அதன்மேல் மிதப்பதுபோல் தோன்றும். மிதித்து நடப்பதற்கானதல்ல இது. தேய்ந்த இடங்களில் வெள்ளி உதிர்ந்து உள்ளிருக்கும் பட்டு வெறுமனே தெரிகிறது.

சரி, போலந்துச் சம்பந்தம் எங்கிருந்து வந்தது? 1601இல் போலந்து அரசர் மூன்றாம் சிகிஸ்மண்ட், செஃபர் முராடோவிச் என்ற ஆர்மீனிய வணிகரைப் பாரசீகத்துக்கு அனுப்பினார். அவர் காஷானில் கம்பளங்கள் நெய்யச் சொல்லி, மறுவருஷம் கொண்டுவந்து சேர்த்தார். அவர் கொடுத்த கணக்கில் அரசச் சின்னம் நெய்ததற்கென்று தனியாக 5 கிரவுன் எழுதியிருக்கிறது. அந்தச் சின்னம் தாங்கிய விரிப்பு இன்றும் மியூனிக் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதாவது, சின்னம் வாங்கியவருடையது. பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொடுப்பதுபோல, கேட்டவருக்குக் கூலி வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுத்தது. முந்நூறு வருஷம் கழித்துப் பார்த்தவர்கள் அதைச் செய்தவருடைய அடையாளமாகப் படித்துவிட்டார்கள்.

இவற்றின் அழகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் மயங்கியது அந்த மென்மையான, வெளிறிய நிறங்களில். கம்பளத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் கதை மாறும்: வெயில் படாத முடிச்சுகளில் நிறம் இன்னும் அழுத்தமாக நிற்கிறது. இஸ்ஃபஹான் தறியிலிருந்து இறங்கியபோது அது கண்ணைப் பறிக்கும் வண்ணமும் வெள்ளிப் பளபளப்புமாகத்தான் இருந்திருக்கும்.

பாரிஸில் வைத்த கம்பளங்களில் ஒன்று இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், ஈரானில் நெய்தது என்ற குறிப்போடு இருக்கிறது. ஆனாலும் 'போலனேஸ்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. மேற்கோள் குறிக்குள் போட்டு இன்னும் அப்படியே எழுதுகிறார்கள். அரசர் பெயர் தெரியும், வணிகர் பெயர் தெரியும், காட்சிக்கு வைத்த இளவரசர் பெயரும் தெரியும். தறியில் உட்கார்ந்தவர்கள் இந்தக் கம்பளங்களில் தங்கள் பெயரை விட்டுப்போகவில்லை. ஊர்ப்பெயராவது அவர்களுடையதாக இருந்திருக்கலாம்.