கோக் இயந்திரம் முதல் குட்டிச் சிப் வரை

1982. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை மாணவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை. கோக் விற்கும் இயந்திரம் அவர்கள் அறையிலிருந்து தள்ளி இருந்தது. நடந்து போய்ப் பார்த்தால் பாட்டில் தீர்ந்திருக்கும். பாட்டில் இருந்தாலும் அப்போதுதான் அடுக்கியதாக, வெதுவெதுப்பாக இருக்கும்.

அவர்கள் கண்ட வழி அழகானது. இயந்திரத்தில் பாட்டில் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. ஒரு பாட்டில் விற்றால் சில நொடி எரிந்து அணையும். வரிசை காலியானால், மறுபடி நிரப்பும் வரை எரிந்துகொண்டே இருக்கும். ஜான் சார்னே ஒரு சர்க்யூட் போர்டு செய்து அந்த விளக்குகளைத் துறையின் பெரிய கணினியோடு இணைத்தார். மைக் கசாரும் நண்பர்களும் நிரல் எழுதினார்கள். விளக்கு ஐந்து நொடிக்கு மேல் எரிந்து அணைந்தால் புதுப் பாட்டில் வந்துவிட்டது என்று கணக்கு. மூன்று மணி நேரம் கழித்து, அது குளிர்ந்துவிட்டது என்று திரை சொல்லும். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் அன்று இருந்தவை 300க்கும் குறைவான கணினிகளே. அவற்றில் எதிலிருந்தும் பிட்ஸ்பர்க் கோக்கின் நிலவரத்தைக் கேட்கலாம்.

ஆனால் அதற்குப் பெரிய கணினி ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் செய்ய வழியில்லை.

அந்த வழி இத்தாலியில் திறந்தது. ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகள் பிறந்த இவ்ரியா ஊரில், வடிவமைப்பு மாணவர்களுக்காக எர்னாண்டோ பர்ரகான் 'வயரிங்' என்ற எளிய மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) போர்டை உருவாக்கினார். அதன் வழியில் 2005இல் மாசிமோ பான்சி குழுவினரின் 'ஆர்டுவினோ' வந்தது. ஊரிலிருந்த ஒரு மதுக்கடையின் பெயர் அது. போர்டின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்ததால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்க முடிந்தது. இணையத்தில் சேர்க்க மட்டும் தனியாக இன்னொரு போர்டு வாங்க வேண்டும்.

2014இல் அந்தக் குறையும் தீர்ந்தது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சிப்பைத் தாங்கி, எட்டே ஊசிகள் கொண்ட ஒரு குட்டிப் போர்டு விற்பனைக்கு வந்தது. வேறு போர்டுகளுக்கு வைஃபை தருவதுதான் அதன் வேலை. ஆவணங்களோ சீன மொழியில். ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்துப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தச் சிப்புக்குள்ளேயே 32 பிட் செயலி இருக்கிறது, நிரலை நேராக அதிலேயே ஏற்றலாம் என்ற செய்தி பரவியது. நிறுவனமும் அதே ஆண்டில் நிரலாக்கக் கருவிகளை வெளியிட்டது. 2015இல் ஆர்டுவினோ மென்பொருளிலேயே அதற்கு நிரல் எழுத முடிந்தது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்று இந்தச் சிப் உள்ள போர்டு சில நூறு ரூபாய்தான். மாடித் தொட்டி நிரம்பியதைக் கைபேசிக்குச் சொல்ல அதோடு ஒரு நீர்மட்ட உணரி இருந்தால் போதும். சீனக் குறிப்புகளை யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான் அந்தச் சிப் உலகெங்கும் பலர் கைக்குப் போனது. இங்கே செய்து பார்ப்பவர்களும் தங்கள் இணைப்புப் படத்தையும் நிரலையும் தமிழில் எழுதிப் பகிர வேண்டும்.