யுப்பிட்டர் ஸ்டேட்டர்

யுப்பிட்டர் ஸ்டேட்டர் என்பது பண்டைய உரோமையர் தங்கள் தலைமைக் கடவுளுக்கு வழங்கிய சிறப்புப் பெயர்களுள் ஒன்று. இலத்தீனில் 'ஸ்டேட்டர்' என்பதற்கு 'நிற்கச் செய்பவர்' என்று பொருள்.

சபைனருடனான போரில் சிதறி ஓடிய தம் வீரர்களை நிறுத்தினால் கோயில் எழுப்புவதாக அரசர் ரோமுலசு நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். ஆனால் அப்போது இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டது. கி.மு. 294-இல் சாம்னைட்டுப் போரில் கான்சல் ரெகுலசும் அவ்வாறே நேர்ந்துகொண்ட பிறகுதான் கோயில் கட்ட மேலவை ஆணையிட்டது.

கி.மு. 63-இல் கட்டிலினாவின் சதியை அம்பலப்படுத்த, சிசெரோ மேலவையைக் கூட்டிய இடமும் யுப்பிட்டர் ஸ்டேட்டர் கோயிலே.

தத்துவஞானி செனெக்கா வேறு விளக்கம் தந்தார்: ஓடிய படையை நிறுத்தியதால் அன்று, அனைத்தும் அவர் அருளால் நிலைநிற்பதாலேயே இப்பெயர் வந்தது. இவ்வாறு, போர்க்கள வேண்டுதலோடு இணைத்துச் சொல்லப்பட்ட பெயர் உலகையே தாங்கும் கடவுளின் பெயராகப் பொருள் விரிந்தது.