அண்டக்கதிர் இன்றிரவு மட்டும் வருவதில்லை



"இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை அண்டக்கதிர்கள் பூமிக்கு அருகால் செல்கின்றன, போனை அணைத்துத் தூர வையுங்கள்" என்ற செய்தி நமது வட்சப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. பிள்ளைகள் பயந்துபோய் வகுப்பில் கேட்கிறார்கள். அதனால் இதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

நூறு வருடங்களுக்கு முன் ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மின்காட்டியை எவ்வளவு பத்திரமாக மூடி வைத்தாலும் அதன் ஏற்றம் மெல்லக் குறைந்தது. மண்ணிலுள்ள கதிர்த்தொழிற்பாடே காரணம் என்று பலர் நம்பினர். அப்படியானால் மேலே போகப் போகக் கதிர்வீச்சு குறைய வேண்டும்.

ஒஸ்திரியரான விக்டர் ஹெஸ் அதை நேரில் போய்ப் பார்த்தார். 1912 ஓகஸ்ட் 7ஆம் திகதி பலூனில் ஏறத்தாழ 5,300 மீற்றர் உயரம் சென்றார். கதிர்வீச்சு முதலில் சற்றுக் குறைந்தது. பிறகு கூடிக்கொண்டே போய், உச்சியில் தரையில் இருந்ததைப் போல் இரு மடங்கானது. அதே வருடம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்திருந்தார், அப்போதும் குறையவில்லை. ஆகவே முக்கிய மூலம் மண்ணுமல்ல, சூரியனுமல்ல. 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. 1938இல் நாஸிகள் அவரைப் பதவி நீக்க, அமெரிக்கா சென்றார்.

1927இல் யாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்ற டச்சுக்காரர் கிளே, பூமத்திய ரேகையருகே இக்கதிர்கள் குறைவதைக் கண்டார். பூமியின் காந்தப்புலம் அவற்றைத் திருப்புகிறது, ஆகவே அவை ஏற்றமுள்ள துணிக்கைகள் என்று பின்னர் தெளிவானது. நமது நாடும் அந்தக் குறைந்த பகுதியில்தான் இருக்கிறது.

பூமிக்கு மட்டுமல்ல, பால்வீதிக்கும் காந்தப்புலம் உண்டு. தூர நட்சத்திரங்களின் ஒளி முனைவாக்கப்பட்டிருப்பதை 1949இல் ஹில்ட்னரும் ஹோலும் கண்டனர். அதுவே முதல் தடயம். அண்டக்கதிர் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வானொலி அலைகளை வெளியிடும். ஜேர்மனியின் எஃபெல்ஸ்பேர்க்கிலுள்ள 100 மீற்றர் தொலைகாட்டி அவ்வலைகளைப் பிடித்து, அந்திரொமேடா போன்ற சுருள் மண்டலங்களின் காந்தப்புலத்தை வரைந்து காட்டியது. அது பூமியின் புலத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் மண்டலம் அவ்வளவு பெரியது என்பதால், துணிக்கைகளைப் பல மில்லியன் வருடங்கள் சுற்ற வைக்கிறது. வழியெல்லாம் வளைந்து வருவதால்தான் அவை புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம்.

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். அண்டக்கதிரால் உருவாகும் துணிக்கைகள் இதை வாசிக்கும் இந்த நிமிடத்திலும் நமது உள்ளங்கையைப் பல டசின் தடவை ஊடுருவிப் போகின்றன. நேற்றும் போயின, நாளையும் போகும். அதற்குக் கடிகாரம் இல்லை, போனும் பொருட்டில்லை.

ஹெஸ் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஐந்து கிலோமீற்றர் மேலே ஏறினார். நாம் ஒரு செய்தியைப் பகிர முன் ஐந்து நிமிடம் தேடிப் பார்த்தால் போதும்.