மணலியும் வயலினும்: பாலுஸ்வாமி தீட்சிதரின் இசைப் பயிற்சி

கர்நாடக இசைக் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கவாத்தியமாக இன்று பெரும்பாலும் வயலினே வாசிக்கப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த இக்கருவியைத் தென்னிந்திய இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர் பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858). இவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. இவர் வயலின் கற்றது, திருவொற்றியூருக்கு மேற்கே உள்ள மணலியில் இவரது குடும்பம் தங்கியிருந்த காலத்தில்.

மணலிக்கு வந்த குடும்பம்

ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவராகக் கருதப்படும் ராமஸ்வாமி தீட்சிதர் (1735–1817) திருவாரூரில் வாழ்ந்தவர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவரைக் குடும்பத்துடன் அழைத்து ஆதரித்தார். முதலியார் ஆங்கிலேயருக்குத் துபாஷியாக இருந்து செல்வம் ஈட்டியவர். இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரையும் ஆதரித்தவர். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் குடும்பத்தைப் பேணினார். சின்னய்யா முதலியார் என்றும் இவர் அழைக்கப்பட்டார்.

கேட்டதும் கற்றதும்

மணலிக்குத் தெற்கே இருந்த புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழு இசைத்து வந்தது. சின்னய்யா முதலியார் தீட்சிதர் சகோதரர்களை அங்கே அழைத்துச் சென்று அந்த இசையைக் கேட்கச் செய்தார். கோயிலிலும் வீட்டிலும் வீணையும் வாய்ப்பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது முற்றிலும் புதிய ஓசை.

சகோதரர் இருவரும் அதை இருவேறு வழியில் தமதாக்கிக்கொண்டனர். முத்துஸ்வாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் பக்திப் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை ஏறத்தாழ 40. பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' அவற்றுள் ஒன்று. மேலை இசையின் மேஜர் ஸ்வர வரிசை சங்கராபரணத்தோடு ஒத்திருப்பதால் இப்பாடல்கள் அந்த ராகத்தின் கீழ் வைக்கப்படுகின்றன.

பாலுஸ்வாமிக்குக் கேள்வி ஞானம் மட்டும் போதவில்லை. அவருடைய ஆர்வத்தைக் கண்ட சின்னய்யா முதலியார், ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் அவர் வயலின் கற்க ஏற்பாடு செய்தார். கோயில் வழிபாட்டிற்கோ குடும்பத் தொழிலுக்கோ அந்தக் கருவி அப்போது தேவைப்படவில்லை. கேட்ட ஒலியைத் தன் கையால் எழுப்பிப் பார்க்கும் விருப்பமே அந்தப் பயிற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது.

கருவி பொருந்திய விதம்

வீணையில் உள்ள மெட்டுகள் வயலினில் இல்லை. விரல் தந்தியின் மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். வில் ஒலியை நீட்டித்துத் தரும். குரல் செல்லும் கமகங்களை அப்படியே பின்தொடர இவ்விரண்டும் உதவின. தென்னிந்தியக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் முறையை வகுத்தனர். தந்திகளைப் பாடகரின் சுருதிக்கேற்ப ஸட்ஜ, பஞ்சமங்களாகச் சேர்த்தனர். கருவியின் வடிவம் மாறவில்லை. வாசிப்பு முறை மாறியது. இந்த மாற்றம் பலருடைய உழைப்பால் நிகழ்ந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் (1810–1847) இதில் குறிப்பிடத்தக்கவர்.

வாழ்வும் நினைவும்

பாலுஸ்வாமி பின்னர் எட்டயபுரம் அரண்மனையின் ஆஸ்தான வித்வானாக விளங்கினார். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835 இல் அங்கேயே காலமானார். பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் (1839–1906), குடும்பத்தில் கேட்டும் கற்றும் வந்த பாடல்களை ஸ்வரக் குறிப்புடன் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' என்ற நூலாக 1904 இல் வெளியிட்டார். முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகள் பல இன்று பாடப்படுவதற்கு இந்நூல் முக்கியக் காரணம். மணலியில் நடந்த வயலின் பயிற்சி பற்றிய செய்தியையும் இந்நூலே தருகிறது.

1969 இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபின் மணலி என்றால் தொழிற்சாலைகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் கர்நாடக இசை வரலாற்றில், ஓர் இளைஞர் அந்நியக் கருவி ஒன்றைக் கேட்டு விரும்பி, பொறுமையுடன் பயின்ற ஊராகவும் அது இடம்பெறுகிறது.